ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் டோஸ்டர் வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் பிரெட் வாங்குவீர்கள் என்றால் உங்களுக்கு டோஸ்டர் வேண்டாம். பேக்கரியில் கனமாக வெட்டித் தரும் பிரெட்தான் பிடிக்கும் என்றாலும் வேண்டாம். வெண்ணெயில் முறுகினால்தான் அது டோஸ்ட் என்பவர்கள் தோசைக்கல்லை விட்டு நகரவே வேண்டாம். இந்த மூன்று வகையினரையும் கழித்த பிறகு மிஞ்சுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடும் அந்த மிச்சத்தில் சேர்ந்ததுதான். சேர்த்தவன் என் மகன்.

அவன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். நாங்கள் இருப்பது பெரம்பூரில். காலை ஷிப்டு என்றால் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இட்லி வேண்டாம், தோசை வேண்டாம், நீங்கள் எழுந்திருக்கவும் வேண்டாம் என்பான். நான் எழுந்திருக்காவிட்டால் பிரிட்ஜிலிருந்து எடுத்த பிரெட்டை அப்படியே ஜாம் தடவி விழுங்கிவிட்டு ஓடுவான். அதைப் பார்த்து என் மாமியாருக்கு மனசு ஆறவில்லை. அவருக்குப் பிரெட் என்றாலே நோயாளி சாப்பாடு. "நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கம்மா தினமும் பிரெட்?" என்று என்னைத்தான் கேட்பார். சூடாக ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும் என்று டோஸ்டர் வாங்கப் போனேன்.

புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. ஆயிரத்திலிருந்து ஆயிரத்து நானூறு வரை நாலைந்து டோஸ்டர்கள், இரண்டாயிரத்தைத் தாண்டியவை இரண்டு, அதற்கும் மேல் தட்டில் பளபளக்கும் எஃகு உடம்போடு ஒன்று. எல்லாமே ஒரு தடவைக்கு இரண்டு துண்டு போடுகிறவை. எல்லாப் பெட்டிகளிலும் 700 முதல் 800 வாட்டுக்குள்தான் அச்சடித்திருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் உடம்புள்ள 750 வாட் டோஸ்டர் ஒன்றை 1,150 ரூபாய்க்கு எடுத்தேன். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எழுதப்போகும் குறைகள் இந்த விலையில் விற்பவை பலவற்றுக்கும் பொருந்தும். ஒருவரை மட்டும் இழுத்து வைத்துப் பேசுவது நியாயமில்லை.

கடையிலேயே ஒரு கூத்து நடந்தது. பெட்டியைப் பிரித்துப் பக்கவாட்டுப் பிடியை அழுத்தினேன். கீழே போனது, கையை எடுத்ததும் துள்ளி மேலே வந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி துள்ளியது. விற்பனைப் பையன் முகம் வாடிப்போய், "இது பழுது போலிருக்கிறது மேடம்" என்று இன்னொரு பெட்டியைப் பிரித்தான். அதுவும் துள்ளியது. அவன் மூன்றாவதை எடுக்கப் போனபோது பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்காமலேயே, "தம்பி, பிளக்கைச் செருகிவிட்டு அழுத்து" என்றார். செருகினான், டக்கென்று பிடித்துக்கொண்டது.

பிடியைக் கீழே இழுத்துப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன மின்காந்தம். மின்சாரம் இருந்தால்தான் அது காந்தம். இதில் எனக்கு ஒரு வசதி தெரிந்தது. பாதியில் கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும், பிரெட் அரைவேக்காட்டில் மேலே எழும்பிவிடும். பிறகு கரண்ட் வரும்போது டோஸ்டர் தானாகச் சூடாகாது. யாராவது வந்து பிடியை அழுத்த வேண்டும். அடுப்படியில் ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் இதில் கிடையாது. இஸ்திரிப் பெட்டிக்கு அந்தப் புத்தி இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வழி இருந்தது. என் அண்ணன் கொன்னூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். புதியதைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்பதால், யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராத பழைய டோஸ்டர் ஒன்றின் ஓட்டைக் கழற்றிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மெல்லிய மைக்கா தகடுகள், அவற்றின் மேல் வரிவரியாகச் சுற்றிய நாடா போன்ற நைக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம் அது. சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம் கம்பியைச் சீக்கிரம் அரித்துப்போகாமல் காக்கிறது. ஓர் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் பலகை. அதோடு சரி.

"இங்கே பாரம்மா, ஆயிரம் ரூபாய் டோஸ்டரிலும் இதே கம்பிதான், மூவாயிரம் ரூபாய் டோஸ்டரிலும் இதே கம்பிதான். கூடக் கொடுக்கிற பணம் மேல் உடம்புக்கும் ஸ்பிரிங்குக்கும் மூடிக்கும் போகிறது" என்றார் அண்ணன். ரிப்பேர்க்காரர் கணக்கு என்று நீங்கள் கழித்துக்கொள்ளலாம். ஆனால் திருகும் எண்களைப் பற்றி அவர் சொன்னது என் பிரெட்டில் பாதியைக் காப்பாற்றியது. 1 முதல் 7 வரை போட்டிருக்கிறதே, அது சூட்டின் அளவு அல்ல, நேரத்தின் அளவு. எந்த எண்ணில் வைத்தாலும் கம்பி ஒரே சூட்டில்தான் காயும். எவ்வளவு நேரம் காய்கிறது என்பது மட்டும்தான் மாறும்.

இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் இரண்டாவது ஈட்டில் பிரெட்டைக் கருக்கிவிட்டு டோஸ்டரைத் திட்டுவார்கள். என் டோஸ்டரில் 3-இல் வைத்தால் முதல் ஈடு சாதாரண சாண்ட்விச் பிரெட்டுக்கு நல்ல பொன்னிறம். கையோடு அடுத்த ஈட்டை அதே 3-இல் போட்டால் செம்பழுப்பு. மூன்றாவது ஈட்டில் ஓரம் கரியும். உள்சுவர் ஏற்கெனவே காய்ந்து கிடக்கிறது. எண்ணுக்கு அது தெரியாது. ஒவ்வோர் ஈட்டுக்கும் அரை எண் குறைத்துக்கொண்டே போனால் நிறம் ஒரே மாதிரி வருகிறது. பால் பிரெட் என்றால் தொடக்கத்திலேயே ஓர் எண் குறைவாக வையுங்கள். அதில் இருக்கும் சர்க்கரையும் பாலும் வேகமாகச் சிவக்கும். கோதுமை பிரெட்டில் நிறத்தை நம்பவே வேண்டாம். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்; பழுப்பு பிரெட் என்று விற்பவற்றில் பல, கேரமல் நிறம் சேர்த்தவை. போடும்போதே பழுப்பாக இருப்பதை வெந்ததா என்று கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது? விரலால் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிறம் இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறதா என்றால், இல்லை. ஒற்றைத் துண்டு போட்டால் ஒரு முகம் பொன்னிறமாகவும் மறு முகம் வெளிறியும் வருகிறது. மகன் இதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை, ஜாம் தடவினால் மறைந்துவிடும் என்பான். எனக்கு உறுத்தியது. ஜாக்கெட் தைக்கிறவள் நான்; இடது கை ஒரு அளவு, வலது கை ஒரு அளவு என்றால் வாடிக்கையாளர் சும்மா விடுவார்களா?

அடுத்தது வோல்டேஜ். இது சென்னைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. கோடைக்காலத்தில் ஒரு சாயங்காலம் வழக்கமான 3-இல் போட்ட பிரெட் வெறும் வெதுவெதுப்போடு வெள்ளையாக எழும்பி வந்தது. டோஸ்டர் போய்விட்டது என்று நினைத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரைச் சுவர்ப் பிளக்கில் வைத்தார். 205 காட்டியது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடுகிற நேரம். 230 வோல்ட்டில் 750 வாட் கொடுக்கும் கம்பி, 205 வோல்ட்டில் ஏறக்குறைய 600 வாட்தான் கொடுக்கும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. டோஸ்டர் அதற்காகக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளாது. ஆகவே கோடைச் சாயங்காலங்களில் 4, விடியற்காலையில் 3. மகனுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவன் எழும் நேரத்தில் வோல்டேஜ் நன்றாக இருக்கிறது.

பேக்கரி பிரெட்டுக்கு வருகிறேன். பெரம்பூரில் பேக்கரிக்குப் பஞ்சமில்லை. ரயில்வே குடியிருப்புகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இருந்த ஊர். மாலையில் சூடாக இறங்கும் முழு பிரெட்டை வாங்கி, அங்கேயே வெட்டித் தரச் சொல்வது இங்கே பழைய பழக்கம். அந்தத் துண்டு டோஸ்டருக்கு ஒத்துவரவில்லை. மேல்பக்கம் உப்பி வளைந்திருப்பதால் பொந்துக்கு வெளியே அரை அங்குலம் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தத் தலை கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும். எடுத்துத் தலைகீழாக மாற்றிப் போட்டால் தலை சிவப்பதற்குள் நடுவயிறு இரண்டு தடவை வெந்து கறுத்துவிடும். கொஞ்சம் தடித்த துண்டென்றால் கம்பி வேலியில் உரசிப் பிய்ந்து, எழும்பும்போது மாட்டிக்கொள்ளும். எங்கள் டோஸ்டரில் ஒரு தடவை அப்படி மாட்டி, நான் பிடியை மேலே தூக்குவதற்குள் வீடெல்லாம் புகை.

அப்படி மாட்டினால் கத்தியையோ கரண்டிக் காம்பையோ உள்ளே விடக் கூடாது. பிடி மேலே வந்துவிட்டதே, கரண்ட் இருக்காது என்று நினைப்போம். சில டோஸ்டர்களில், உள்ளே வரும் இரண்டு கரண்ட் வயர்களில் ஒன்றை மட்டுமே துண்டிப்பார்கள். பழைய வீட்டில் எலக்ட்ரீஷியன் பேஸையும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலையும் (திரும்பிப் போகும் வயர்) மாற்றி முடிந்திருந்தால் சூடாகும் கம்பிச் சுருளில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும் என்றார் அண்ணன். எங்கள் வீடும் பழைய வீடுதான். பிளக்கையே உருவிவிட்டு, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டுவதுதான் இப்போது இங்கே சட்டம். பன் போடலாமா என்று கேட்டால், பொந்துக்குள் போகாது. சில மாடல்களில் மேலே வைத்து வாட்ட ஒரு கம்பித் தட்டு தருகிறார்கள், என்னுடையதில் இல்லை.

இனி தோசைக்கல். இரும்புக் கல்லைச் சிறுதீயில் காயவிட்டு, வெண்ணெயை ஒரு தேய்ப்புத் தேய்த்து, நுரை அடங்கும்போது பிரெட்டை வைத்து, தோசைத்திருப்பியால் நான்கு மூலையும் லேசாக அழுத்திப் பாருங்கள். ஓரங்களில் வெண்ணெய் பொரிகிற சத்தம் கேட்கும். திருப்பினால் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும். கடித்தால் மேலே முறுகல், உள்ளே மெத்து. இந்த ருசியை எந்த டோஸ்டராலும் தர முடியாது, ஐயாயிரம் கொடுத்தாலும் முடியாது. டோஸ்டருக்குள் வெண்ணெய் தடவிய பிரெட்டைப் போடவும் கூடாது. உருகிச் சுருளில் சொட்டினால் தீப்பிடிக்கும். ஆகவே டோஸ்டரில் கிடைப்பது வறண்ட மொறுமொறுப்பு. வெண்ணெயை வெளியே எடுத்த பிறகுதான் தடவ வேண்டும், அது மேலோடு நின்றுவிடும்.

ருசியில் தோசைக்கல் ஜெயித்தது. ஆனால் தோசைக்கல்லுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் போனை எடுக்கப் போனாலும் அடி தீய்ந்துவிடும். டோஸ்டர் அந்த ஆளை விடுவிக்கிறது. மகன் பிடியை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகிறான். வரும்போது பிரெட் மேலே எழும்பி நிற்கிறது, கொஞ்சம் ஆறியிருந்தாலும் கருகியிருப்பதில்லை. நான் தூங்குகிறேன். 1,150 ரூபாய்க்கு நான் வாங்கியது அந்தத் தூக்கத்தைத்தான். காலையில் அடுப்படியில் நிற்க ஆளும் நேரமும் இருக்கிற வீட்டில் இந்தப் பணத்தைச் செலவழிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. சென்னைப் புழுக்கத்தில் பிரெட்டை வெளியே வைத்தால் மூன்றாம் நாள் பச்சையாகப் பூசணம் பூக்கிறது. பிரிட்ஜில் வைத்தால் பூசணம் சீக்கிரம் வராது, ஆனால் குளிரில் மாவுச்சத்து இறுகி, வெளியில் இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். அந்த விறைத்த துண்டுக்கு டோஸ்டர் மருந்து. சூடு ஏறியதும் இறுகிய மாவு மறுபடி இளகி, உள்ளே மெதுமெதுவென்று ஆகிவிடுகிறது. இதைவிட நல்லது பிரீசர். வாங்கி வந்த அன்றே பாதிப் பொட்டலத்தைப் பிரீசரில் போட்டுவிட்டால் அங்கே விறைப்பு ஏறுவதில்லை. கல்லாக இருக்கும் துண்டை நேரே டோஸ்டரில் போட்டு ஓர் எண் கூட்டி வைக்கலாம். முன்பெல்லாம் கடைசி நாலு துண்டு எங்கள் தெரு நாய்க்குத்தான் போகும். இப்போது நாய் என்னைக் கோபமாகப் பார்க்கிறது.

கரண்ட் பில் பற்றிக் கவலை வேண்டாம். 750 வாட், ஈட்டுக்கு இரண்டரை நிமிஷம் என்று வைத்தால் ஒரு யூனிட்டில் முப்பது ஈட்டுக்கு மேல் போடலாம். இரண்டு மாதக் கணக்கில் இலவச யூனிட் தருகிற மாநிலத்தில் இதெல்லாம் ஒரு செலவே இல்லை. மூன்றேகால் ஆம்பியர்தான் இழுக்கிறது, சாதாரண 6 ஆம்பியர் பிளக் போதும். ஆனால் வயர் குட்டை. மேடையில் பிளக் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மிக்ஸி உட்கார்ந்திருந்தால் இரண்டில் ஒன்று இடம் மாற வேண்டும். எங்கள் வீட்டில் மிக்ஸி மாறவில்லை. டோஸ்டரை எடுத்து வைத்து, எடுத்து வைத்துத்தான் பயன்படுத்துகிறோம். வாங்கிய அன்று முதல் ஓட்டத்தைப் பிரெட் இல்லாமல் விடுங்கள். புதுக் கம்பியின் மேல்பூச்சு எரிந்து ஒரு நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் எனக்கு இதன் மேல் கடுப்பு. அடியில் தூள் தட்டு ஒன்று இழுக்க வருகிறது. மெல்லிய தகடு, ஓரம் விரலை அறுக்கும் கூர்மை. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பிரெட் தூளுக்கு எறும்பு வரிசை கட்டி வருகிறது. கரப்பானுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது: இருட்டு, இளஞ்சூடு, சாப்பாடு. மேல்பொந்துகளை மூட என் டோஸ்டரில் மூடி இல்லை. கூட இருநூறு ரூபாய் கொடுத்து மூடியுள்ள மாடலாக வாங்குங்கள். இந்த ஊரில் அந்த இருநூறு வீண் இல்லை. நான் ஜாக்கெட் துணி மிச்சத்தில் ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். டோஸ்டர் முழுக்க ஆறிய பிறகுதான் உறை போட வேண்டும் என்று மகனுக்கு நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

மாமியார் கதையையும் சொல்ல வேண்டும். முதலில் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் நாலு மணி டீக்குப் பொறை தீர்ந்துபோயிருந்தது. 2-இல் வைத்து ஒரு துண்டு வாட்டி, நீளவாக்கில் வெட்டிக் கொடுத்தேன். டீயில் தோய்த்தார், வெறும் பிரெட்டைப் போலக் கரைந்து விழவில்லை. "பொறை மாதிரிதான் இருக்கிறது, ஆனால் பல்லுக்கு அடங்குகிறது" என்றார். இப்போது நாலு மணிக்கு அவரே பிடியை அழுத்துகிறார். எண்ணை மட்டும் யாரும் தொடக் கூடாது. மகன் 3-க்குத் திருப்பிவிட்டு மறந்துபோனால் அன்று சாயங்காலம் எனக்குத்தான் திட்டு.

ஆக, அதே கடையில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இருந்ததை வாங்கியிருக்கலாமோ என்று யோசித்தேனா? எங்கள் வீட்டுப் பயன்பாட்டுக்கு இல்லை. அதில் கூடுதலாக இருந்தவை பனிக்கட்டி நீக்கும் பொத்தான், மறுபடி சூடாக்கும் பொத்தான், நீளமான வயர், மூடி. முதல் இரண்டு பொத்தான்களின் வேலையை எண்ணைத் திருகியே செய்துவிடலாம். எஃகு உடம்புள்ளது தொட்டால் சுடும். பார்க்க அழகு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக்கே மேல். எதை வாங்கினாலும் மூன்று முள் பிளக்காக இருக்கிறதா, உங்கள் வீட்டுச் சுவரில் எர்த் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் உழைக்கும் என்று அண்ணனைக் கேட்டேன். "இரண்டு வருஷம் வாரண்டி போட்டிருக்கிறான் இல்லையா, அதற்குள் பழுதானால் கடைக்குக் கொண்டுபோ. அதற்குப் பிறகு பழுதானால் தயவுசெய்து என்னிடம் கொண்டுவராதே. சுருள் மாற்ற மைக்காவோடு உதிரி தேடி, என் கூலியும் சேர்ந்தால் உனக்குக் கட்டாது" என்றார். கடையில் கொடுத்த பில் சூட்டில் அச்சாகும் வழவழப்புத் தாள்; நம் ஊர் வெயிலுக்கு ஆறு மாதத்தில் எழுத்து வெளிறிவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். என் அட்டையில் தேதி போட மறந்திருந்தார்கள். பஸ் ஏறித் திரும்பப் போய் வாங்கி வந்தேன்.